ஷார்ஜாவில் வாடகைக் கார்: வண்டி யார் பேரில், ஓட்டுவது யார்?

கேள்வி: கொழிஞ்சாம்பாறைக்காரன் நான். வயது 54. முப்பது வருசமாக மாருதி ஓட்டுகிறேன். பொள்ளாச்சி, பாலக்காடு, கோவை ரோடெல்லாம் கைப்பழக்கம். மகளும் மாப்பிள்ளையும் ஷார்ஜாவில் இருக்கிறார்கள். டிசம்பரில் நானும் மனைவியும் 12 நாள் போகிறோம். அங்கே வாடகைக்குக் கார் எடுத்து துபாய், அபுதாபி, புஜைரா எல்லாம் சுற்றிவர ஆசை. என் லைசன்ஸ் பொள்ளாச்சியில் எடுத்தது. மாப்பிள்ளைக்கு அங்கத்து லைசன்ஸ் இன்னும் கிடைக்கவில்லை. அவர் கார்டில் பணம் கட்டி, அவர் பேரில் வண்டி எடுத்து, இருவரும் மாற்றி மாற்றி ஓட்டிக்கொள்ளலாம் என்கிறார். சரிவருமா? வலப்பக்கம் ஓட்டுவதை நினைத்தாலும் கொஞ்சம் பயமாக இருக்கிறது.

பதில்:

ஐயா, வலப்பக்கம் ஓட்டும் பயம் இரண்டு நாளில் தெளிந்துவிடும். எனக்குக் கவலை தருவது மாப்பிள்ளை சொல்லும் ஏற்பாடுதான். வண்டி அவர் பேரில், பணம் அவர் கார்டில், ஸ்டியரிங்கில் நீங்கள் என்றால் காப்பீடே இல்லாமல் ஓட்டுவதற்குச் சமம். வாடகைக் காரின் காப்பீடு ஒப்பந்தத்தில் பெயர் எழுதப்பட்ட ஓட்டுநருக்குத்தான் பொருந்தும். பெயர் இல்லாதவர் ஓட்டி எங்காவது இடித்துவிட்டால், உங்கள் வண்டிக்கும் எதிர் வண்டிக்கும் ஆகும் செலவு முழுக்க உங்கள் தலையில் விழும்.

அதைவிட முக்கியமான செய்தி ஒன்று. இந்திய லைசன்ஸும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும், அதாவது ஐடிபியும், வைத்துக்கொண்டு அங்கே ஓட்டலாம் என்பது வருகை விசாவில் போகிறவர்களுக்கு மட்டுமே. வேலை விசாவில் குடியிருப்பவருக்கு அந்தச் சலுகை கிடையாது. அமீரக லைசன்ஸ் கையில் வரும்வரை மாப்பிள்ளை அங்கே எந்த வண்டியையும் ஓட்டக் கூடாது. ஊருக்கு வந்து ஐடிபி வாங்கிக்கொண்டு போனாலும் அது செல்லாது. மாமனார் ஓட்டலாம், அங்கேயே குடியிருக்கும் மருமகன் ஓட்டக் கூடாது என்பது கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் சட்டம் அப்படித்தான். அவசரத்துக்குக் கட்டட வாசலிலிருந்து பார்க்கிங் வரை நகர்த்துவதற்குக்கூட அவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்.

ஆகவே எல்லாம் உங்கள் ஒருவர் பேரில் இருக்கட்டும். லைசன்ஸ், ஐடிபி, பாஸ்போர்ட், கிரெடிட் கார்டு, வாடகை ஒப்பந்தம் என ஐந்திலும் ஒரே ஆள், ஒரே பெயர். நம் பக்கத்தில் இது சொல்வதற்குத்தான் எளிது. லைசன்ஸில் ஓரெழுத்து இனிஷியலும் பெயரும் இருக்கும். பாஸ்போர்ட்டில் அந்த இனிஷியல் அப்பா பெயராக விரிந்து, பெயருக்குப் பின்னால் குடும்பப்பெயர் கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். வங்கிக் கார்டில் இனிஷியலே இருக்காது. கவுண்ட்டரில் இருப்பவருக்கு இது மூன்று வேறு ஆட்களின் பெயராகத் தெரியலாம். ஐடிபி விண்ணப்பிக்கும்போதே பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர் வருகிறதா என்று பாருங்கள். வரவில்லையென்றால் முதலில் லைசன்ஸில் பெயரைத் திருத்திவிட்டு அப்புறம் ஐடிபிக்குப் போங்கள்.

உங்களுக்கு இன்னொரு முடிச்சும் இருக்கிறது. வீடு கேரளத்தில், லைசன்ஸ் தமிழ்நாட்டில். எல்லையோரத்தில் இது சகஜம், ஊரில் ஓட்டுவதற்கு எந்தத் தடையும் இல்லை. ஆனால் ஐடிபியை நீங்கள் குடியிருக்கும் இடத்துக்குரிய ஆர்டிஓ அலுவலகத்தில்தான் கேட்க வேண்டும். பொள்ளாச்சி முகவரியுள்ள லைசன்ஸும் கொழிஞ்சாம்பாறை முகவரியுள்ள பாஸ்போர்ட்டும் சேர்ந்து போனால் விண்ணப்பம் அங்கேயே நிற்கும். மத்திய அரசின் பரிவாகன் தளத்தில், லைசன்ஸ் வேலைகளுக்கான சாரதி பக்கத்தில் கேரளத்தைத் தேர்ந்தெடுத்து, லைசன்ஸ் முகவரியை முதலில் மாற்றுங்கள். அது முடிந்த பிறகு சித்தூர் அலுவலகத்தின் கீழ் ஐடிபிக்கு விண்ணப்பியுங்கள். விண்ணப்பம் படிவம் 4ஏ, கட்டணம் 1000 ரூபாய், சேவைக் கட்டணம் தனி. பாஸ்போர்ட் நகல், லைசன்ஸ் நகல், புகைப்படம் தயாராக இருக்கட்டும். மருத்துவச் சான்றும் விசாவும் கட்டாயம் என்றிருந்ததை 2021இல் எடுத்துவிட்டார்கள். ஆனாலும் அலுவலகத்தில் கேட்டால் காட்ட விசா, டிக்கெட் நகல் பையில் இருப்பது நல்லது. இரண்டு வேலையும் அடுத்தடுத்து நடக்க வேண்டும் என்பதால் அக்டோபரிலேயே தொடங்கிவிடுங்கள்.

ஐடிபி ஓராண்டு செல்லும், ஆனால் லைசன்ஸ் அதற்கு முன்பே காலாவதியானால் அதோடு ஐடிபியும் முடிந்துவிடும். உங்கள் லைசன்ஸில் உள்ள கடைசித் தேதியை இன்றைக்கே பாருங்கள். அட்டை பழசாகி எழுத்து மங்கியிருந்தால் இதோடு சேர்த்து மாற்றிவிடுங்கள். ஐடிபி என்பது லைசன்ஸுக்குத் துணைச்சீட்டு மாதிரி, தனியாகச் செல்லாது. அங்கே வண்டியில் இரண்டின் அசலும் இருக்க வேண்டும். இணையத்தில் ‘பன்னாட்டு லைசன்ஸ்’ என்று அட்டை அடித்து வீட்டுக்கே அனுப்பும் தளங்கள் பல உண்டு. அந்த அட்டையை வாடகைக் கவுண்ட்டரில் தூக்கி ஓரமாக வைத்துவிடுவார்கள்.

இனி கிரெடிட் கார்டு. வாடகைப் பணம் வேறு, பிணைத்தொகை வேறு. வாடகையை மாப்பிள்ளை கார்டில் கட்டிக்கொள்ளலாம் என்று சில நிறுவனங்கள் ஒப்புக்கொள்ளும். பிணைத்தொகையை ஓட்டுநரின் கிரெடிட் கார்டில்தான் பிடித்து வைப்பார்கள். டெபிட் கார்டும் பணம் ஏற்றிய ஃபோரெக்ஸ் கார்டும் பல இடத்தில் எடுபடாது. உங்களிடம் கிரெடிட் கார்டு இல்லையென்றால், வங்கியில் ஒரு வைப்புத்தொகை போட்டு அதன் பேரில் கார்டு கேளுங்கள். சம்பளச் சீட்டு இல்லாத விவசாயிகளுக்கும் இது கிடைக்கும். கார்டு வந்ததும் வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்துவிட வேண்டும். 2020 முதல் புதிய கார்டுகள் உள்நாட்டுக்கு மட்டும் திறந்த நிலையில்தான் வருகின்றன, இது தெரியாமல் கவுண்ட்டர் முன்னால் நின்று வியர்ப்பவர்கள் நிறையப் பேர். அங்கே கருவியில் ரூபாயா திர்ஹாமா என்று கேட்டால் திர்ஹாமைத் தொடுங்கள். ரூபாயைத் தொட்டால் அவர்கள் வைத்த மாற்று விகிதத்தில் பணம் போகும்.

பிணைத்தொகை வண்டியைத் திருப்பிய அன்றே வராது, பெரும்பாலும் இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். ஏமாற்றுகிறார்கள் என்று எண்ண வேண்டாம். கேமரா அபராதமும் சுங்கக் கட்டணமும் பல நாள் கழித்து நிறுவனத்தின் கணக்கில் ஏறும், அதைக் கழிக்கத்தான் காத்திருக்கிறார்கள். பிணைத்தொகையே வேண்டாம் என்று சொல்லும் நிறுவனம் அந்த ஆபத்தை நாள் வாடகையில் ஏற்றியிருக்கும். கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

விலையைப் பேசும்போது மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள், வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் போதும். முதலாவது, ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர். பல ஒப்பந்தங்களில் 250 அல்லது 300தான் இருக்கும். ஷார்ஜாவிலிருந்து அபுதாபி போக ஏறக்குறைய 160 கிலோமீட்டர், போய்வந்தாலே 300ஐத் தாண்டிவிடும், அதற்கு மேல் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் தனிக் காசு. இரண்டாவது, இடித்தால் உங்கள் பங்கு எவ்வளவு. முழுக் காப்பீடு என்று சொன்னாலும் தவறு உங்களுடையதென்றால் குறிப்பிட்ட தொகை உங்கள் கையிலிருந்து போகும். கூடுதல் நாள்கட்டணம் கட்டி அதைக் குறைத்துக்கொள்ளலாம். புது நாட்டில் முதல்முறை ஓட்டுகிறீர்கள், அதைக் கட்டிவிடுங்கள். கட்டினாலும் டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம், தொலைந்த சாவி இவையெல்லாம் பெரும்பாலும் சேராது. மூன்றாவது, எந்த ஊரில் எடுத்து எந்த ஊரில் விடுகிறீர்கள். துபாய் விமான நிலையத்தில் எடுத்து ஷார்ஜாவில் விட்டால் தனிக் கட்டணம் கேட்கலாம்.

என் யோசனையையும் சொல்லிவிடுகிறேன். 12 நாளும் கார் வேண்டாம். ஷார்ஜாவிலிருந்து துபாய்க்குப் போகும் சாலை வேலைநாள் காலையில் ஊர்ந்துதான் போகும், துபாய்க்குள் சுற்ற மெட்ரோவே மேல். அபுதாபிக்கும் புஜைராவுக்கும் போகும் நான்கைந்து நாளைச் சேர்த்து வைத்து அதற்கு மட்டும் கார் எடுங்கள். ஊர் இறங்கிய அன்று விமான நிலையத்திலேயே வண்டி எடுப்பதும் வேண்டாம். தூக்கக் கலக்கத்தோடு ஆறு தட சாலையில் இறங்காதீர்கள்.

வண்டியை வாங்கும்போது கைப்பேசியில் வீடியோ எடுங்கள். நான்கு பக்கமும் சுற்றி வந்து, சக்கர விளிம்பு, முன் பம்பரின் அடிவிளிம்பு, கண்ணாடியில் கல் பட்ட புள்ளி, ஓடிய கிலோமீட்டர், எரிபொருள் முள் எல்லாம் பதிவாக வேண்டும். வெயிலில் மின்னும் வண்டியில் கீறல் தெரியாது, நிழலுக்கு நகர்த்தச் சொல்லிப் பாருங்கள். இருக்கும் கீறலையெல்லாம் அவர்கள் தாளில் குறிக்கச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். எரிபொருள் எந்த அளவில் வாங்கினீர்களோ அதே அளவில் திருப்ப வேண்டும். பெரும்பாலான கார்களுக்கு ‘ஸ்பெஷல் 95’ போதும், மூடியின் உட்புறத்தில் எழுதியிருக்கும்.

இப்போது ஓட்டுவதைப் பார்ப்போம். கிடைப்பது அநேகமாக ஆட்டோமேட்டிக்காகத்தான் இருக்கும். கிளட்ச் இல்லை, ஆனால் முப்பது வருசம் கிளட்ச் மிதித்த இடது கால் சும்மா இருக்காது. நிற்கப் போகும் நேரத்தில் அது பழக்கத்தில் இறங்கி, அகலமான பிரேக் மிதியில் கிளட்சை மிதிக்கிற வேகத்தில் விழும். வண்டி நட்ட நடுவில் குத்திட்டு நிற்க, பின்னால் வருபவர் மோதுவார். இடது காலை இருக்கையோடு ஒட்டிப் பின்னால் மடித்து வையுங்கள், அல்லது இடது ஓரத்தில் இருக்கும் கால்மேடையில் அழுத்தி வையுங்கள். பிரேக், ஆக்சிலரேட்டர் இரண்டுமே வலது காலுக்குத்தான். இந்த வரிசை இங்கத்து வண்டியில் இருப்பது போலவே.

மாறியிருப்பது கைப்பக்கம். உங்கள் மாருதியில் இண்டிகேட்டர் கோல் வலக்கையில், வைப்பர் இடக்கையில். அங்கே நேர்மாறு. முதல் நாளில் ஒவ்வொரு திருப்பத்திலும் வைப்பர் ஓடும், இண்டிகேட்டர் போடாமல் திரும்பியிருப்பீர்கள். வண்டி எடுத்ததும் சாலைக்குப் போகாமல் ஏதாவது மால் பார்க்கிங்கில் இருபது நிமிடம் சுற்றுங்கள். திரும்புவது, ரிவர்ஸ், இண்டிகேட்டர் மட்டும்.

சாலையில் உங்களுக்கு ஒரே ஒரு அடையாளம் போதும். ஓட்டுபவர் எப்போதும் சாலையின் நடுப்பக்கமாகத்தான் உட்கார்ந்திருப்பார். நம்மூரிலும் அப்படித்தான், அங்கேயும் அப்படித்தான். உங்கள் தோளுக்குப் பக்கத்தில் நடைபாதை வந்தால் தவறான பக்கத்தில் இருக்கிறீர்கள். புதியவர்கள் வண்டியை வலது ஓரத்துக்கு அதிகமாகத் தள்ளுவார்கள், வண்டியின் பெரும்பகுதி இப்போது தங்கள் வலப்பக்கம் இருக்கிறது என்பது உடம்புக்குத் தெரியாது. வலது சக்கரம் நடைபாதைக் கல்லில் உரசுவது இதனால்தான். உங்கள் மனைவியை முன்னிருக்கையில் உட்கார வைத்து, ஓரம் நெருங்கினால் சொல்லச் சொல்லுங்கள்.

ரவுண்டானாதான் தடுமாறும் இடம். இங்கே வலப்பக்கம் பார்த்துப் பழகிய தலை, அங்கே இடப்பக்கம் பார்க்க வேண்டும். ரவுண்டானாவுக்குள் இருக்கும் வண்டிக்கே முன்னுரிமை, அது உங்கள் இடப்பக்கத்திலிருந்து வரும். வலப்பக்கம் திரும்ப வலது தடம், இடப்பக்கம் போகவோ திரும்பி வரவோ இடது தடம், நுழையும் முன்பே தடத்தைப் பிடித்துவிடுங்கள். ஆளில்லாத சாலையில் விடியற்காலை புறப்படும்போதும் பெட்ரோல் பங்க்கிலிருந்து வெளியே வரும்போதும் கூடுதல் கவனம் வேண்டும். முன்னால் வண்டி ஏதும் இல்லாத அந்த நேரத்தில்தான் கை தானாக இடப்பக்கச் சாலைக்குப் போகும்.

ஹெட்லைட் அடிப்பதற்கு அங்கே வேறு பொருள். பொள்ளாச்சி ரோட்டில் எதிரே வருபவர் லைட் அடித்தால் ‘நான் வர்றேன், நில்லு’ என்று அர்த்தம். துபாய் நெடுஞ்சாலையில் பின்னால் வருபவர் லைட் அடித்தால் ‘வலப்பக்கம் ஒதுங்கு’ என்று அர்த்தம். இடது ஓரத் தடம் முந்துவதற்கு, அதில் நிலையாக ஓட்டாதீர்கள். ஒதுங்காமல் அடம்பிடித்தாலும் அபராதம், முன்வண்டியின் வாலைப் பிடித்துப் போனாலும் அபராதம், இரண்டாவது 400 திர்ஹாம். வெளியேறும் வழியைத் தவறவிட்டால் விட்டது விட்டதுதான். ரிவர்ஸ் எடுக்காமல், கோட்டைக் கடக்காமல் அடுத்த வழிவரை போய்த் திரும்புங்கள்.

வேகத்துக்குப் பலகையில் உள்ள எண்தான் எல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். துபாயிலும் ஷார்ஜாவிலும் அதற்கு மேல் 20 வரை கேமரா பொறுத்துக்கொள்ளும் என்று உறவினர் சொல்வார்கள், உண்மைதான். ஆனால் அபுதாபி எல்லைக்குள் 2018 முதல் அந்தச் சலுகை இல்லை. எல்லை எங்கே மாறியது என்று ஓட்டும்போது தெரியாது, நம் மாநில எல்லையில் உள்ள கோபாலபுரம் செக்போஸ்ட் மாதிரி நிறுத்திச் சொல்லவும் யாரும் இல்லை. வேக எல்லையை 20 கிலோமீட்டருக்கு மேல் 30 வரை மீறினால் 600 திர்ஹாம். சிவப்பு விளக்கைத் தாண்டினால் 1000 திர்ஹாமும் 30 நாள் வண்டி முடக்கமும், துபாயில் மீட்கப் பெருந்தொகை தனி. வாடகை வண்டி முடங்கினால் அந்த நாட்களின் வாடகையையும் கேட்பார்கள். கைப்பேசியைக் கையில் பிடித்து ஓட்டினால் 800. பின்னிருக்கை உட்பட எல்லோரும் பெல்ட் போட வேண்டும், போடாவிட்டால் ஓட்டுநருக்கு 400. பேத்தி பேரன் நான்கு வயதுக்குள் இருந்தால் குழந்தை இருக்கையையும் வண்டியோடு கேளுங்கள். வரிக்குதிரைக் கோட்டில் சாலையைக் கடப்பவருக்கு வழிவிடாவிட்டால் 500. பள்ளிப் பேருந்து ‘நில்’ பலகையை நீட்டினால் குறைந்தது ஐந்து மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், மீறினால் 1000. நம்மூரில் பேருந்து நின்றால் சுற்றிக்கொண்டு போகும் பழக்கம் என்பதால் இதைக் குறிப்பாகச் சொல்கிறேன். மது ஒரு துளியும் கூடாது.

துபாயில் சுங்கத்துக்குப் பெயர் சாலிக். பாம்பாம்பள்ளம் சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேக் படிப்பது போலத்தான், ஆனால் தடுப்புக் கம்பியும் கிடையாது, நிற்கவும் தேவையில்லை. 2025 ஜனவரி 31 முதல் வேலைநாள் காலை 6 முதல் 10 வரையும் மாலை 4 முதல் 8 வரையும் 6 திர்ஹாம், மற்ற நேரம் 4, இரவு 1 முதல் 6 வரை இலவசம். வாடகை நிறுவனம் இதன்மேல் தன் சேவைக் கட்டணத்தையும் சேர்க்கும், எவ்வளவு என்று முன்கூட்டியே கேளுங்கள். ஷார்ஜாவிலிருந்து அபுதாபி போக இ11 சாலையைப் பிடித்தால் வழியெங்கும் சாலிக் வாயில்கள். இ311, இ611 இரண்டிலும் சாலிக் இல்லை. வரைபடச் செயலியில் சுங்கம் தவிர்க்கும் வழியைத் தேர்ந்தால் அதுவே அப்படிக் கூட்டிப்போகும். அபுதாபி நகரப் பாலங்களில் தர்ப் என்று தனிச் சுங்கம் உண்டு, நெரிசல் வேளையில் 4 திர்ஹாம், ஞாயிறன்று இல்லை.

பார்க்கிங்கில் ஊர்க்காரர்களே தவறுவார்கள். துபாயில் ஞாயிறு இலவசம், ஷார்ஜாவில் வெள்ளி இலவசம், அங்கேயும் நீலப் பலகை வைத்த இடங்களில் வாரம் ஏழு நாளும் காசு. அமீரக சிம் இருந்தால் குறுஞ்செய்தியிலேயே கட்டலாம், துபாய்க்கு 7275, ஷார்ஜாவுக்கு 5566. மகளே வீட்டிலிருந்து உங்கள் வண்டி எண்ணுக்குக் கட்டிவிடலாம். நம்பர் பிளேட்டில் உள்ள எழுத்தையும் எண்ணையும் புகைப்படம் எடுத்து அவருக்கு அனுப்பி வையுங்கள், ஓரெழுத்து மாறினாலும் வேறு வண்டிக்குக் கட்டியதாகிவிடும். வழியில் சிக்கினால் வாட்ஸ்அப் அழைப்பு அங்கே கைகொடுக்காது, அதற்காகவும் உள்ளூர் சிம் வேண்டும்.

டிசம்பர் விடியலில் மூடுபனி இறங்கும். அப்போது அபுதாபிச் சாலைகளில் மின்பலகை 80 என்று காட்டும், அதுதான் அன்றைய எல்லை. நம்மூரில் பனியில் நான்கு இண்டிகேட்டரையும் அடித்துக்கொண்டு ஓட்டுவோம். அங்கே ஓடும் வண்டியில் அதைப் போட்டால் 500 திர்ஹாம், காரணம் தடம் மாறும் சைகை பின்னால் வருபவருக்குத் தெரியாமல் போகும். புஜைரா போகும் மலைப்பக்கம் மழை பெய்தால் வாடி எனப்படும் காட்டாறுகள் திடீரென நிரம்பும். சித்தூர்ப் புழையில் தண்ணீர் வரும்போது தரைப்பாலத்தில் இறங்காத அதே கவனம் போதும். வெள்ளம் ஓடும் வாடியில் வண்டியை இறக்கினால் 2000 திர்ஹாமும் 60 நாள் முடக்கமும். தார் விளிம்பைத் தாண்டி மணலில் இறங்குவதும் வேண்டாம், காப்பீடு அங்கேயே நின்றுவிடும்.

இடித்துவிட்டால் ‘ஏதோ கொடுத்து முடிச்சுக்கலாங்க’ என்ற பேச்சே கூடாது. சின்னக் கீறலுக்கும் போலீஸ் அறிக்கை வேண்டும், அது இல்லாமல் ஒர்க்‌ஷாப் தகரத்தைத் தொடாது, காப்பீடும் கிடைக்காது. யாருக்கும் அடியில்லை, வண்டி நகரும் என்றால் நின்ற நிலையில் படம் எடுத்துவிட்டு உடனே ஓரத்துக்குக் கொண்டுபோங்கள், நடுத்தடத்தில் நின்றால் அதற்கே 1000. பிறகு 999, அடுத்து வாடகை நிறுவனம். பார்க்கிங்கில் யாரோ இடித்துவிட்டுப் போயிருந்தாலும் வண்டியை நகர்த்தும் முன் போலீஸைக் கூப்பிடுங்கள்.

வண்டியைத் திருப்பும்போது பகல் வெளிச்சத்தில், ஆள் இருக்கும் நேரத்தில் கொடுங்கள். சாவியைப் பெட்டியில் போட்டுவிட்டு விமானத்துக்கு ஓட வேண்டாம். மறுபடி வீடியோ, எரிபொருள் ரசீது, ‘சேதம் இல்லை’ என்று எழுதிய தாள். அன்றே துபாய் போலீஸ் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு அபராதம் ஏதும் ஏறியிருக்கிறதா என்று மாப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள், நாள், நேரம், இடம் எல்லாம் வரும், உங்கள் ஐந்து நாளுக்கு வெளியே உள்ளதை நீங்கள் கட்ட வேண்டியதில்லை. ஒப்பந்தத்தின் நகலைப் பிணைத்தொகை முழுதாகக் கார்டுக்குத் திரும்பும்வரை கொழிஞ்சாம்பாறை வீட்டில் பத்திரமாக வையுங்கள்.